ஸ்டர்மின் பிரிப்புத் தேற்றம் நேரியல் ஹாமில்டன் அமைப்புகளில் எவ்வளவு தூரம் செல்லும்?

ஒருபடி எழுதியது:

இரண்டாம் வரிசை நேரியல் வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றில் ஒன்றையொன்று சாராத இரு தீர்வுகளை எடுத்துக்கொண்டால், முதல் தீர்வின் அடுத்தடுத்த இரு பூச்சியங்களுக்கு நடுவே இரண்டாம் தீர்வுக்குச் சரியாக ஒரு பூச்சியம் இருக்கும் என்பது 1836-இல் ஸ்டர்ம் நிறுவிய பிரிப்புத் தேற்றம். இதையே நேரியல் ஹாமில்டன் அமைப்புகளுக்கு விரித்துப் படிக்கத் தொடங்கிய இடத்தில் எனக்கு ஒரு தடை ஏற்பட்டுள்ளது.

நான் எடுத்துக்கொண்ட அமைப்பு வழக்கமானதுதான்: எக்ஸ்′ = ஏ எக்ஸ் + பி யூ, யூ′ = சி எக்ஸ் − ஏ* யூ. இங்கே எக்ஸ், யூ இரண்டும் என் (n) எண்ணிக்கையிலான கூறுகள் கொண்ட திசையன்கள். ஏ, பி, சி ஆகியவை டி என்னும் மாறியைச் சார்ந்த மெய்யெண் அணிகள். பி-யும் சி-யும் சமச்சீரானவை. ஏ* என்பது ஏ-யின் நிரைநிரல் மாற்று அணி. திசையன் தீர்வுகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமல், என் (n) எண்ணிக்கையிலான தீர்வுகளை நிரல்களாக அடுக்கி (ஒய், இசட்) என்னும் அணி இணையாக எடுத்துக்கொள்கிறோம். ஒய்* இசட் சமச்சீராகவும், ஒய்-யையும் இசட்-ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கிடைக்கும் அணியின் தரம் என் ஆகவும் இருந்தால் அதை இணைந்த அடிக்கணம் என்கிறோம். ஒய் பூச்சியக்கோவை அணியாகிவிடும் (அதாவது நேர்மாறு இல்லாமல் போகும்) இடம் குவியப் புள்ளி. அங்கே ஒய்-யின் தரம் எவ்வளவு குறைகிறதோ அதுவே அப்புள்ளியின் மடங்கெண்.

இப்போது மிக எளிய எடுத்துக்காட்டு ஒன்று. என் = 2, ஏ பூச்சிய அணி, பி அலகு அணி, சி என்பது −1, −4 ஆகியவற்றை மூலைவிட்டத்தில் கொண்ட அணி. அதாவது ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு அலையிகள். டி-யைக் கோணமாகக் கருதிப் பாகையில் எழுதுகிறேன். முதல் அடிக்கணத்தில் ஒய்-யின் மூலைவிட்ட உறுப்புகள் சைன் டி, சைன் 2டி. இதன் குவியப் புள்ளிகள் 0, 90, 180, 270 என்று செல்கின்றன; 0, 180 போன்றவை இரட்டை மடங்கானவை. இரண்டாம் அடிக்கணத்தில் மூலைவிட்ட உறுப்புகள் சைன் (டி − 54), சைன் 2(டி − 36). இதற்கு 36, 54, 126 என்று குவியப் புள்ளிகள் வருகின்றன. 36-க்கும் 54-க்கும் இடையில் முதல் அடிக்கணத்துக்கு ஒரு குவியப் புள்ளிகூட இல்லை.

ஆகவே பிரிப்புத் தேற்றம் இரு பரிமாணத்திலேயே பொய்த்துவிடுகிறதா? அப்படியானால் இந்த அமைப்புகளுக்கு அலைவுக் கோட்பாடு என்று எதைச் சொல்கிறார்கள்?

நீள்வட்டம் எழுதியது:

தங்கள் எடுத்துக்காட்டு சரியானது. அதிலிருந்து தாங்கள் எடுத்த முடிவுதான் சற்று அவசரமானது. உயர் பரிமாணத்தில் "இடையில் உள்ளதா" என்னும் கேள்வியைக் கைவிட்டு, "எத்தனை உள்ளன" என்று கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டால் விடை மிகத் தெளிவானது: ஒரே அமைப்பின் எந்த இரு இணைந்த அடிக்கணங்களை எடுத்தாலும், ஓர் இடைவெளியில் அவற்றின் குவியப் புள்ளிகளின் எண்ணிக்கைகள், மடங்கெண்ணையும் சேர்த்து எண்ணும்போது, என்-ஐ விட அதிகமாக வேறுபடா. பி அணி எங்கும் குறையற்றதாக இருக்க வேண்டும் என்பது (அதாவது எந்தத் திசையன் வி-க்கும் வி* பி வி குறை எண்ணாகாது என்பது) இதற்கு அடிப்படை. அதோடு, எக்ஸ் ஓர் இடைவெளி முழுதும் பூச்சியமாக இருக்கும் தீர்வில் யூ-வும் பூச்சியமாகவே இருக்க வேண்டும் என்னும் கட்டுப்படுத்துமை நிபந்தனையையும் வழக்கமாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஸ்டர்மின் தேற்றங்களை என் பரிமாண வெளிக்கு இவ்வகையில் விரித்தவர் மோர்ஸ், ஆண்டு 1930.

என் = 1 என்று இட்டுப் பாருங்கள். ஒரு தீர்வுக்கு டி1, டி2 என்னும் இரு பூச்சியங்கள் இருந்து, அவற்றையும் உள்ளடக்கிய மூடிய இடைவெளியில் மற்றொரு தீர்வுக்கு ஒன்றுமே இல்லையென்றால் வேறுபாடு 2 ஆகிவிடும், அது கூடாது. ஸ்டர்மின் பழைய தேற்றம் அப்படியே திரும்பி வருகிறது. என் = 2 என்றால், ஓர் அடிக்கணத்துக்கு மூன்று குவியப் புள்ளிகள் உள்ள மூடிய இடைவெளியில்தான் மற்றதற்கு ஒன்றாவது இருந்தாக வேண்டும் என்று சொல்ல முடியும். தங்கள் எடுத்துக்காட்டில் 36, 54, 126 என்று மூன்றையும் சேர்த்தவுடன் 90 அகப்பட்டுக்கொள்கிறதல்லவா?

இந்த வரம்பை இனியும் இறுக்க முடியாது என்பதையும் தங்கள் அமைப்பிலேயே பார்க்கலாம். 0-க்குப் பிறகு தொடங்கி 162 பாகை வரை எண்ணுங்கள். சைன் டி, சைன் 2டி கொண்ட அடிக்கணத்துக்கு 90-இல் மட்டும் ஒன்று. கொசைன் டி, கொசைன் 2டி கொண்ட அடிக்கணத்துக்கு 45, 90, 135 என்று மூன்று. வேறுபாடு சரியாக 2.

சுழியிடம் எழுதியது:

நீள்வட்டம் முடிவைச் சொன்னார். காரணத்தையும் சொல்லிவிட்டால் அந்த என் எங்கிருந்து வந்தது என்பது புரியும். என் கருத்தில் இந்தத் துறையில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே நிறுவல் இதுதான். மற்றவை இதன் நுணுக்கங்கள்.

தொடக்கப் புள்ளி அ, இறுதிப் புள்ளி ஆ என்று கொள்வோம். எக்ஸ்′ = ஏ எக்ஸ் + பி யூ என்னும் முதல் சமன்பாட்டை மட்டும் நிறைவு செய்யும் இணைகளை (எக்ஸ், யூ) எடுத்துக்கொண்டு, எக்ஸ்* சி எக்ஸ் + யூ* பி யூ என்பதை அ முதல் ஆ வரை தொகையிடுங்கள். கிடைப்பது ஓர் இருபடிச் சார்பகம். இரு முனைகளிலும் எக்ஸ் பூச்சியமாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இந்தச் சார்பகம் குறை மதிப்புப் பெறும் உள்வெளியின் மிகப் பெரிய பரிமாணம் எவ்வளவோ, அத்தனை குவியப் புள்ளிகள் அ-வில் தொடங்கும் முதன்மைத் தீர்வுக்கு அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவில் உள்ளன. முதன்மைத் தீர்வு என்றால், அ-வில் ஒய் பூச்சிய அணியாகவும் இசட் அலகு அணியாகவும் தொடங்குவது. ஆ உட்பட ஒரு குவியப் புள்ளியும் இல்லை என்றால் சார்பகம் மிகை மதிப்பையே தரும். இது மாறுபாட்டு நுண்கணிதத்தில் ஜக்கோபி நிபந்தனை என்று நாம் அறிந்ததன் பொது வடிவம்.

இப்போது அ-வில் ஒய் நேர்மாறு உடையதாக இருக்கும் வேறோர் அடிக்கணத்தை எடுங்கள். அதற்கும் இதே போன்ற சார்பகம் உண்டு. இரு மாற்றங்கள் மட்டுமே: அ-வில் எக்ஸ் எந்த மதிப்பும் எடுக்கலாம், அந்த மதிப்பைச் சார்ந்த ஓர் இருபடி உறுப்பு, இசட்-ஐ ஒய்-யின் நேர்மாறால் பெருக்கிக் கிடைக்கும் சமச்சீர் அணியைக் கொண்டு, தொகையீட்டுடன் கூட்டப்படும். அ-வில் எக்ஸ் பூச்சியமாக வேண்டும் என்னும் கட்டுப்பாடு என் நிபந்தனைகளைக் கொண்டது. என் நிபந்தனைகளைத் தளர்த்தினால் குறை மதிப்பு உள்வெளியின் பரிமாணம் குறையாது. கூடினாலும் என்-க்கு மேல் கூடாது. ஆகவே எந்த அடிக்கணத்தின் எண்ணிக்கையும், முதன்மைத் தீர்வின் எண்ணிக்கைக்கும் அதனுடன் என்-ஐக் கூட்டியதற்கும் இடையில் அமைகிறது. (அ-வில் ஒய் பூச்சியக்கோவை அணியாக இருந்தால் தளர்த்தப்படும் நிபந்தனைகள் என்-ஐ விடக் குறைவு, வாதம் அதுவே.) எனவே எந்த இரு அடிக்கணங்களும் என்-க்கு மேல் வேறுபட வழியில்லை. மேலே 1, 3 என்று வந்த எண்கள் இந்த எல்லைகளின் இரு முனைகள்.

இந்தப் பார்வையில் இன்னொரு பயனும் உண்டு. சி அணியைச் சிறிதாக்கினால் சார்பகம் சிறிதாகும், குறை உள்வெளி பெரிதாகும், குவியப் புள்ளிகள் பெருகும். ஸ்டர்மின் ஒப்பீட்டுத் தேற்றத்துக்கு வேறு நிறுவல் தேட வேண்டியதில்லை.

ஒருபடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நிபந்தனைகளைத் தளர்த்தும் வாதம் எனக்குத் தெளிவாகிவிட்டது. ஆனால் பி குறையற்றதாக இருக்க வேண்டும் என்பதை நீள்வட்டம் ஒரு வரியில் கடந்துவிட்டார். ஹாமில்டன் அமைப்பு என்னும் வரையறையில் அந்த நிபந்தனை கிடையாது. அதை விட்டுவிட்டால் வரம்பு என்-இலிருந்து சற்றுக் கூடுமா, அல்லது எல்லாம் குலைந்துவிடுமா?

நீள்வட்டம் எழுதியது:

எல்லாம் குலைந்துவிடும். என் = 1, ஏ = 0, சி = 0, பி = கொசைன் டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்′ = யூ கொசைன் டி, யூ′ = 0. யூ ஒரு மாறிலி. அது 0 என்றால் எக்ஸ் = 1 என்பது ஒரு தீர்வு; அதற்கு எங்கும் பூச்சியம் இல்லை. அது 1 என்றால் எக்ஸ் = சைன் டி ஒரு தீர்வு; அதற்கு முடிவின்றிப் பூச்சியங்கள். ஒரே சமன்பாட்டில் ஒரு தீர்வு அலைகிறது, மற்றொன்று அலையவே இல்லை. அலைவு என்பது அமைப்பின் பண்பா, தீர்வின் பண்பா என்னும் கேள்விக்கே இங்கு விடை மாறிப்போகிறது.

காரணம் ஒரு வரிக் கணக்கில் அடங்கியுள்ளது. டி0 ஒரு குவியப் புள்ளி என்றும், வி என்னும் திசையனை ஒய் அங்கே பூச்சியமாக்குகிறது என்றும் கொள்வோம். அப்போது ஒய்′ வி = பி இசட் வி. ஆகவே (இசட் வி)* ஒய்′ வி = (இசட் வி)* பி (இசட் வி). பி குறையற்றது என்றால் வலப்பக்கம் ஒருபோதும் குறை எண்ணாகாது. அதாவது குவியப் புள்ளியைக் கடக்கும் ஒவ்வொரு கடப்பும் ஒரே திசையில் நிகழ்கிறது. ஒருவழிக் கதவைப் போல, போனது திரும்பி வராது. அதனால்தான் வெறும் எண்ணிக்கை போதுமானதாகிறது. பி குறி மாறினால் கதவு இருபுறமும் திறக்கும்.

வடிவகணித மொழியில் சொன்னால், இணைந்த அடிக்கணம் ஒவ்வொன்றும் 2என் பரிமாண வெளியில் லக்ராஞ்சித் தளம் ஒன்றைத் தருகிறது. தீர்வு நகரும்போது அத்தளம் சுழல்கிறது. எக்ஸ் பூச்சியமாக உள்ள செங்குத்துத் தளத்தை அது வெட்டும் தருணங்களே குவியப் புள்ளிகள். வெட்டுகளைக் குறியோடு கூட்டினால் கிடைப்பது மாஸ்லோவ் குறியெண். இந்தக் குறியெண்ணுக்கு, பி எப்படி இருந்தாலும், இரு அடிக்கணங்களுக்கிடையே என் என்னும் வரம்பு செல்லும். மேலுள்ள எடுத்துக்காட்டில் சைன் டி 0-இல் மேலேறுகிறது, 180-இல் கீழிறங்குகிறது. குறியோடு கூட்டினால் தொகை எப்போதும் 0 அல்லது 1. எங்கும் பூச்சியமாகாத மற்றத் தீர்வோடு வேறுபாடு 1-ஐத் தாண்டவில்லை. லெஜாண்டர் நிபந்தனை என்று நாம் அழைக்கும் பி-யின் குறையற்ற தன்மை, குறியோடு கூட்டுவதையும் வெறுமனே எண்ணுவதையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஸ்டர்ம் தேற்றங்களைச் சிம்பிளெக்டிக் வடிவகணிதத்தின் கூற்றுகளாக ஆர்னால்டு 1985-இல் எழுதியபோது இந்த ஒருதிசைத் தன்மையைத்தான் மையமாக வைத்தார்.

தொடுகோடு எழுதியது:

இந்த உரையாடலில் கட்டுப்படுத்துமை நிபந்தனையைப் "வழக்கமாகச் சேர்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாமல் குவியப் புள்ளி என்னும் கருத்தே பொருளிழந்துவிடும். பி பூச்சிய அணி என்று எடுங்கள், ஏ-யும் பூச்சியம். அப்போது எக்ஸ் மாறிலி. முதன்மைத் தீர்வில் ஒய் எல்லா இடத்திலும் பூச்சிய அணி. ஒவ்வொரு புள்ளியும் குவியப் புள்ளி! எண்ணிக்கை முடிவிலி. ஆனால் இருபடிச் சார்பகத்துக்கோ, முனைகளில் பூச்சியமாகும் எக்ஸ் என்பது எங்கும் பூச்சியமான ஒன்றே என்பதால், குறை மதிப்பு கிடைக்க வாய்ப்பே இல்லை. சுழியிடம் சொன்ன சமன்பாட்டின் ஒருபக்கம் முடிவிலி, மறுபக்கம் பூச்சியம். இத்தகைய அமைப்புகளை விலக்கிவிட்டுப் பேசுவதே முறை.

சுழியிடம் எழுதியது:

விலக்கத் தேவையில்லை, எண்ணும் முறையைச் சற்று மாற்றினால் போதும். பல பத்தாண்டுகள் எல்லோரும் தொடுகோடு சொல்வதைப் போலத்தான் நடந்துகொண்டார்கள். 2003-இல் கிராட்ஸ் காட்டியது என்னவென்றால், லெஜாண்டர் நிபந்தனை மட்டும் இருந்தால், கட்டுப்படுத்துமை இல்லாவிட்டாலும், ஒய் பூச்சியமாக்கும் திசையன்களின் வெளி துண்டு துண்டாக மாறிலியாகவே இருக்கும். மூடிய இடைவெளியில் அது மாறும் இடங்கள் முடிவுற்ற எண்ணிக்கையில்தான் உள்ளன. ஆகவே தரக்குறைவை எண்ணாமல், தரக்குறைவு புதிதாக எவ்வளவு கூடியது என்பதை எண்ணுங்கள்: டி0-இல் உள்ள குறைவிலிருந்து, டி0-க்குச் சற்று முன்னே உள்ள குறைவைக் கழிக்க வேண்டும். இதையே முறையான குவியப் புள்ளியின் மடங்கெண் என்கிறோம். தொடுகோடு தந்த எடுத்துக்காட்டில் குறைவு எப்போதும் என் (n). கழித்தால் எங்கும் 0. சார்பகத்தின் 0-வுடன் இது பொருந்துகிறது.

சற்று உயிருள்ள எடுத்துக்காட்டு வேண்டுமானால், என் = 1, ஏ = 0, சி = −1 என்று வைத்து, பி என்பது 0 முதல் 1 வரை பூச்சியம், அதன்பின் 1 என்று எடுங்கள். 0-இல் தொடங்கும் முதன்மைத் தீர்வில் ஒய் 1 வரை பூச்சியமாகவே கிடக்கும். பிறகு சைன் (டி − 1) என்று எழும். அது மீண்டும் பூச்சியமாவது 1 + பை என்னும் இடத்தில். முறையான குவியப் புள்ளி அந்த ஒன்றுதான். இடப்பக்கத்திலிருந்து கழிப்பதற்கு மாறாக வலப்பக்கத்திலிருந்து கழித்தால், டி = 1 என்னும் இடமே குவியப் புள்ளியாகக் கணக்கில் ஏறும், 1 + பை ஏறாது, இடைவெளி அங்கேயே முடிவதால். இரு கணக்குகளும் வெவ்வேறு புள்ளிகளைக் காட்டினாலும் 0 முதல் 1 + பை வரை மொத்தம் ஒன்றே. பொதுவாக இவ்விரு மொத்தங்களின் வேறுபாடு, இரு முனைகளிலும் ஒய்-யின் தரங்களுக்கு இடையேயான வேறுபாடு மட்டுமே. துண்டு துண்டாகக் கூட்டினால் நடுவில் உள்ளவை எல்லாம் தம்முள் நீங்கிவிடும்.

இது வெறும் நுணுக்கத்துக்காகச் செய்யப்பட்டதன்று. கட்டுப்பாட்டுச் சிக்கல்களில் உள்ளீடு சில காலம் அணைந்திருப்பதும், சில திசைகளில் மட்டுமே செயல்படுவதும் இயல்பு. அங்கெல்லாம் கட்டுப்படுத்துமை பொய்த்தாலும் இருபடிச் சார்பகம் பொருளுடையதாகவே இருக்கிறது. சார்பகம் பொருளுடையதாக இருக்கும்போது, அதற்குரிய எண்ணிக்கை மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

தொடுகோடு எழுதியது:

வெளி துண்டு துண்டாக மாறிலி என்பது நான் கணக்கில் கொள்ளாத செய்தி. அது கிடைத்துவிட்டால் கழித்தல் முறை இயல்பாகவே வந்துவிடுகிறது. லெஜாண்டர் நிபந்தனைதான் அங்கும் சுமையைத் தாங்குகிறது என்பதைக் கவனிக்கிறேன்.

ஆயினும் முடிவிலியை நோக்கிய நடத்தையில் கட்டுப்படுத்துமை இல்லாத அமைப்புகள் சிக்கலானவையே. கட்டுப்படுத்துமை உள்ள, அலைவற்ற அமைப்புக்கு முடிவிலியில் முதன்மைத் தீர்வு (மற்றத் தீர்வுகளோடு ஒப்பிட முடிவிலியில் மிகச் சிறிதாகிவிடுவது) ஒன்றே ஒன்று உண்டு, வலப்பக்கத்தில் நேர்மாறுள்ள மாறிலி அணியால் பெருக்குவதைத் தவிர. அது இல்லையேல் அந்த ஒருமை போய்விடுகிறது.

கணிப்பொறி எழுதியது:

கோட்பாட்டைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் தேவை எண்முறைக் கணக்கு. ஒய்-யின் அணிக்கோவையைக் கணக்கிட்டு, அதன் குறி எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணுவது போதுமா? ஆறு, எட்டுப் பரிமாணங்களில் நீண்ட இடைவெளிகளுக்குச் செய்ய வேண்டியுள்ளது.

நீள்வட்டம் எழுதியது:

போதாது, இரு காரணங்கள். முதலாவது, இரட்டை மடங்குள்ள குவியப் புள்ளியில் அணிக்கோவை குறி மாறாது. ஒய்-யின் மூலைவிட்டத்தில் சைன் டி இரு முறை இருந்தால் அணிக்கோவை அதன் வர்க்கம். அது பூச்சியத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். இரண்டாவது, நடைமுறையில் இன்னும் மோசமானது: அமைப்பில் வேகமாக வளரும் தீர்வு ஒன்று இருந்தால், சிறிது தூரத்திலேயே எல்லா நிரல்களும் அதன் திசைக்குச் சாய்ந்துவிடும். அப்போது ஒய் உண்மையில் நேர்மாறு உடையதாக இருந்தும், கணினியின் கண்ணுக்குப் பூச்சியக்கோவை அணியாகவே தெரியும்.

இரண்டாம் குறையைத் தீர்ப்பது எளிது. (ஒய், இசட்) இணையை வலப்பக்கத்தில் நேர்மாறுள்ள எந்த மாறிலி அணியால் பெருக்கினாலும் ஒய்-யின் தரம் மாறாது. எனவே சில அடிகளுக்கு ஒருமுறை நிரல்களைச் செங்குத்தாக்கிக்கொண்டே செல்லலாம். முதல் குறைக்கு, லிட்ஸ்கி 1955-இல் கையாண்ட கோணங்களின் வழி இருக்கிறது: ஐ என்பது −1-இன் வர்க்கமூலம் என்று கொண்டு, இசட் + ஐ ஒய் என்பதை இசட் − ஐ ஒய் என்பதன் நேர்மாறால் வலப்பக்கத்தில் பெருக்குங்கள். ஒய்* இசட் சமச்சீரானது என்பதால் கிடைக்கும் அணி யூனிட்டரி. அதன் ஐகன் மதிப்புகள் எல்லாம் அலகு வட்டத்தின் மீதே இருக்கும். அவற்றில் ஒன்று 1 ஆவதும் ஒய் பூச்சியக்கோவை அணியாவதும் ஒன்றே. எத்தனை ஐகன் மதிப்புகள் ஒரே நேரத்தில் 1 ஆகின்றனவோ அதுவே மடங்கெண். பி குறையற்றது என்பதால், அவை 1-ஐ எப்போதும் இடஞ்சுழியாகவே கடக்கும். கோணங்களைத் தொடர்ச்சியாகப் பின்தொடர்ந்து, 1-ஐ எத்தனை முறை கடந்தன என்று எண்ணினால் முடிந்தது. வலப்பக்கப் பெருக்கலால் இந்த அணி மாறுவதில்லை என்பதால் செங்குத்தாக்குவதும் இதற்கு இடையூறாகாது.

இசட்-ஐ ஒய்-யின் நேர்மாறால் பெருக்கிக் கிடைக்கும் அணி நிறைவு செய்யும் ரிக்காட்டி சமன்பாட்டை நேரடியாகத் தீர்த்து, தீர்வு எங்கே வெடித்து முடிவிலிக்குச் செல்கிறது என்று பார்ப்பவர்களும் உண்டு. குவியப் புள்ளியே இல்லை என்பதை உறுதிசெய்ய அது நல்ல வழி. குவியப் புள்ளிகளைக் கடந்து சென்று எண்ணுவதற்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கணிப்பொறி எழுதியது:

யூனிட்டரி அணி வழியே எனக்குப் பொருத்தம். எண்ணிக்கை சரிதானா என்று சோதித்துப் பார்க்க, விடை முன்பே தெரிந்த ஏதாவது உண்டா?

சுழியிடம் எழுதியது:

ஐகன் மதிப்புச் சிக்கல்களே சிறந்த சோதனை. 0 முதல் பை வரை, முனைகளில் பூச்சியமாகும் இரு சமன்பாடுகளை எடுங்கள்: −எக்ஸ்1″ = லாம்டா எக்ஸ்1; −எக்ஸ்2″ + 5 எக்ஸ்2 = லாம்டா எக்ஸ்2. முதலாவதன் ஐகன் மதிப்புகள் 1, 4, 9, 16...; இரண்டாவதன் ஐகன் மதிப்புகள் 6, 9, 14, 21... அலைவுத் தேற்றம் சொல்வது: லாம்டா-வுக்கு மிகாத ஐகன் மதிப்புகளின் எண்ணிக்கை, அந்த லாம்டா-வுக்குரிய முதன்மைத் தீர்வுக்கு 0-க்குப் பிறகு பை வரை (பை உட்பட) உள்ள குவியப் புள்ளிகளின் எண்ணிக்கைக்குச் சமம். லாம்டா = 10 என்று வையுங்கள். ஐகன் மதிப்புகள் 1, 4, 6, 9, 9 என்று ஐந்து. முதன்மைத் தீர்வின் மூலைவிட்டத்தில் 10-இன் வர்க்கமூலத்தை அதிர்வெண்ணாகக் கொண்ட சைன் மூன்று முறையும், 5-இன் வர்க்கமூலத்தைக் கொண்டது இரு முறையும் பூச்சியமாகின்றன. ஐந்து.

இதில் சமன்பாடுகள் தாமாகவே பிரிந்துள்ளதால் கணினி நிரலுக்குக் கடினம் இல்லை என்று தோன்றினால், எக்ஸ்-ஐ ஏதாவது ஒரு மாறிலிச் சுழற்சி அணியால் மாற்றிவிடுங்கள். சமன்பாடுகள் பின்னிக்கொள்ளும், எண்ணிக்கை மாறாது. லாம்டா-வை 9-க்கு மிக அருகில், இருபுறமும் வைத்துப் பார்ப்பதும் நல்லது. எண்ணிக்கை 3-இலிருந்து 5-க்குத் தாவ வேண்டும்.

ஒருபடி எழுதியது:

கடைசியாக ஒன்று. அரை அச்சு முழுவதும் எடுத்துக்கொண்டு, குவியப் புள்ளிகள் முடிவிலிவரை தொடர்ந்து வருமா என்பதைச் சி-யை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? எக்ஸ்″ + கியூ எக்ஸ் = 0 என்னும் எளிய வடிவத்தில், கியூ சமச்சீர் அணியாக இருந்தால், அதன் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகையைப் பார்ப்பது போதுமானதாகத் தோன்றுகிறது.

தொடுகோடு எழுதியது:

மூலைவிட்டக் கூட்டுத்தொகை போதுமான நிபந்தனையைத் தரும். தேவையான நிபந்தனையைத் தராது. கியூ-வின் மூலைவிட்டத்தில் 1, −5 என்று வைத்தால் கூட்டுத்தொகை குறை எண். இருந்தும் முதல் கூறு சைனாக அலைந்துகொண்டே இருக்கிறது. மோர்ஸின் வரம்பினால் ஓர் அடிக்கணம் முடிவின்றி அலைந்தால் எல்லா அடிக்கணங்களும் அலைந்தாக வேண்டும். ஆகவே அமைப்பே அலைவுடையது. பார்க்க வேண்டியது மிகப் பெரிய ஐகன் மதிப்பை. கியூ-வைத் தொடக்கப் புள்ளியிலிருந்து டி வரை தொகையிட்டுக் கிடைக்கும் அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்பு முடிவிலிக்குச் சென்றால் அமைப்பு அலைவுடையது என்று ஹின்டனும் லூயிஸும் ஊகித்தனர். வேறு துணை நிபந்தனை எதுவுமின்றி அதை 1986-இல் பையர்ஸ், ஹாரிஸ், குவாங் ஆகியோர் நிறுவினர். கூற்று இவ்வளவு எளிமையாக இருந்தும் முதலில் கிடைத்த நிறுவல்கள் எல்லாம் கூடுதல் நிபந்தனைகளோடுதான் வந்தன என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அந்தத் தொகையீடு முடிவிலிக்குச் செல்லாத இடத்தில் நிலைமை நுட்பமானது. கியூ என்பது மாறிலிச் சமச்சீர் அணி ஒன்றை டி-யின் வர்க்கத்தால் வகுத்ததாக இருக்கட்டும். ஒரு பரிமாணத்தில் 1893-இல் கினேசர் கண்ட எல்லை 1/4. அணிகளுக்கும் அதுவே, மிகப் பெரிய ஐகன் மதிப்பை அதனோடு ஒப்பிட்டால்: 1/4-ஐ விடப் பெரிதானால் அலைவு, இல்லையேல் இல்லை. இப்போது என் = 2 என்று கொண்டு, மூலைவிட்டத்தில் இரண்டும் பூச்சியமாகவும், மூலைவிட்டத்துக்கு வெளியே இரண்டும் 1 ஆகவும் உள்ள அணியை எடுங்கள். மூலைவிட்டக் கூட்டுத்தொகை பூச்சியம். எந்தக் கூறையும் தனியே விட்டால் அதில் அலைவுக்கு இடமே இல்லை. ஒன்றையொன்று இணைக்கும் உறுப்பு மட்டுமே இருக்கிறது. ஆனால் ஐகன் மதிப்புகள் 1, −1. ஆகவே அமைப்பு அலைவுடையது.

கணிப்பொறி எழுதியது:

இதை என் நிரலில் இட்டு 1 முதல் 30 வரை ஓட்டினேன். முதன்மைத் தீர்வுக்கு ஒரு குவியப் புள்ளியும் வரவில்லை.

தொடுகோடு எழுதியது:

வராது; தங்கள் நிரல் சரியாகவே கூறுகிறது. ஐகன் மதிப்பு 1-க்குரிய கூறு, டி-யின் வர்க்கமூலத்தைச் சைனால் பெருக்கியது. அந்தச் சைனுக்குள் இருப்பது டி-யின் இயல் மடக்கையை 3-இன் வர்க்கமூலத்தில் பாதியால் பெருக்கியது. 1-இல் தொடங்கினால் அது அடுத்துப் பூச்சியமாவது ஏறத்தாழ 37.6-இல், அதற்கடுத்தது 1415-க்கு அருகில், அதன்பின் ஒவ்வொரு முறையும் 37.6 மடங்கு தள்ளி. மற்றக் கூறு 1-க்குப் பிறகு பூச்சியமாவதே இல்லை. டி-க்குப் பதிலாக அதன் மடக்கையையே மாறியாக எடுத்துக்கொண்டு ஓட்டுங்கள். குவியப் புள்ளிகள் சம இடைவெளியில், ஏறத்தாழ 3.63-க்கு ஒன்றாக வரும்.

கணிப்பொறி எழுதியது:

மாறியை மாற்றி 0 முதல் 15 வரை ஓட்டினேன். 3.63, 7.26, 10.88, 14.51 என்று நான்கு கிடைத்தன. எல்லாமே ஒற்றை மடங்கு.